செவ்வாய்க்கு ஆட்டோ கட்டணமா?



குறிஞ்சிப்பாடியில் ஒரு பள்ளியின் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். "ஆட்டோவில் போனால் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய். நம் மங்கள்யான் ஏழே ரூபாயில் செவ்வாய்க்குப் போனது!" என்று ஒரு மாணவி முழங்கினாள். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். முதல் பரிசும் அவளுக்கே, குரல் அப்படி. வீடு திரும்பும்போதுதான் மனம் உறுத்தியது.

வகுத்தல் கணக்கு சரிதான். செலவு 450 கோடி ரூபாய். கலம் சென்ற பாதையின் நீளம் சுமார் 66 கோடி கிலோமீட்டர். ஆனால் ஒப்பீடு தவறு என்பேன்.

ஆட்டோவின் எஞ்சினை நிறுத்தினால் உராய்வு வண்டியை நிறுத்திவிடும். ஆகவே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எரிபொருள் வேண்டும். விண்வெளியில் அந்த உராய்வு ஏது? 2013 டிசம்பர் 1-ல் பூமியை விட்டகன்ற மங்கள்யான், சிறு திருத்தங்கள் தவிர, சுமார் 300 நாள் எஞ்சின் ஓடாமலே சூரியனைச் சுற்றி வளைந்து சென்றது. அதே 300 நாளில் பூமி தன் பாதையில் ஏறத்தாழ 78 கோடி கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அன்று தவழ்ந்துகொண்டிருந்த உங்களில் சிலரும் அதில் பயணம் செய்தீர்கள். யார் கட்டணம் கேட்டார்கள்?

செலவு தூரத்தில் இல்லை. வேகத்தைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் இருக்கிறது. புறப்படும்போது கலத்தின் நிறை 1337 கிலோகிராம். அதில் 852 கிலோகிராம் எரிபொருளும் அதை எரிக்க உதவும் பொருளுமே!

2014 செப்டம்பர் 24-ஐ நினைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் உறங்கிய எஞ்சின் ஏறத்தாழ 23 நிமிடம் எரிந்து, வேகத்தை வினாடிக்கு 1.1 கிலோமீட்டர் குறைக்க வேண்டும். போதிய அளவு குறையாவிட்டால் கலம் செவ்வாயைத் தாண்டிப் போய்விடும். ஜப்பானின் நொசோமி 2003-ல் செவ்வாயைச் சுற்ற முடியாமல் தாண்டித்தான் போயிற்று. அன்று செவ்வாய் இருந்த தொலைவு 22 கோடி கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் செல்லும் ரேடியோ அலைக்கே 12 நிமிடத்துக்கு மேல் ஆகும். "எஞ்சின் எரியத் தொடங்கியது" என்ற சேதி பூமிக்கு எட்டும்போது அங்கே பாதி வேலை முடிந்திருக்கும். நடுவில் கலம் செவ்வாயின் பின்னால் வேறு மறைந்துகொண்டது. பெங்களூரில் இருப்பவர் பிரேக் பிடிக்க முடியாது; முன்கூட்டியே அனுப்பிய கட்டளைகளின்படி கலம் தானே செய்துகொள்ள வேண்டும். செய்தது, முதல் முயற்சியிலேயே.

அந்த மாணவி அடுத்த ஆண்டும் மேடையேறினால், இந்த 12 நிமிடத்தைப் பற்றிப் பேசச் சொல்லப் போகிறேன்.