திரையில் தெரியாத குழாய்

டோம்பிவிலி எம்.ஐ.டி.சி. பகுதியில் 2016 மே 26 அன்றும் 2024 மே 23 அன்றும் நிகழ்ந்த வெடிவிபத்துகளை அவ்வூர் மறக்கவில்லை. இரசாயன ஆலைகளும் குடியிருப்புகளும் அருகருகே நிற்கும் ஊர் அது. அவ்விபத்துகளுக்கு வரைபடங்களே காரணம் என்பதன்று இங்கு வாதம். ஆனால் இத்தகைய ஊரில் எந்தக் குழாய் எவ்வழியே செல்கிறது என்பதை ஆலைப் பொறியாளரும் கட்டடப் பொறியாளரும் தீயணைப்பு அலுவலரும் ஒன்றுபோலக் காண வேண்டும். மென்பொருள் விட்டு மென்பொருள் கோப்பு மாறும்போது அந்த உறுதி குலைகிறது.

ஆட்டோகேட் 1982இல் வெளிவந்தது. அதன் அடிப்படைப் பொருள்கள் கோடு, வட்டம் போன்றவை. 1994இல் வந்த 13ஆம் பதிப்பு, பிற நிரல்கள் தமக்கெனப் புதிய பொருள்களை உருவாக்க வழி திறந்தது. இன்று பிளான்ட் த்ரீடியில் வரையப்படும் குழாயும், சிவில் த்ரீடியில் வரையப்படும் சாலைத்தடமும் அவ்வகையினவே. அவற்றை வரைந்துகாட்டும் நிரல் பெறுபவரின் கணினியில் இல்லையெனில், அப்பொருள் ‘பிராக்ஸி’ என்னும் பதிலியாகிவிடுகிறது.

பதிலியின் தோற்றத்தை இரண்டு அமைப்புகள் தீர்மானிக்கின்றன. பிராக்ஸிகிராபிக்ஸ் 1 என இருந்தால் பொருளின் படம் கோப்போடு சேமிக்கப்படும். 0 என்றால் அதன் எல்லையைக் காட்டும் வெறும் பெட்டியே மிஞ்சும். இது வரைபடத்தோடு பயணம் செய்யும். பிராக்ஸிஷோ அவ்வாறன்று, அது அவரவர் கணினியில் தங்குவது. 1 படத்தையும், 2 பெட்டியையும் காட்டும். 0 எதையும் காட்டாது. எச்சரிக்கை தரும் பிராக்ஸிநோட்டீசும் அணைக்கப்பட்டிருந்தால், ஒரே கோப்பைத் திறந்த இருவர் வெவ்வேறு ஆலைகளைக் காண்பர். தாம் காண்பதே முழு வரைபடம் என்று இருவரும் நம்புவர். ஆபத்து அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

கோப்பின் எடையைக் குறைக்கவே படத்தை நீக்குகிறோம் என்பர் சிலர். பெரிய திட்டங்களில் அது மெய்யான இடர்ப்பாடே. எனினும் சேமிப்பிடம் மலிந்த காலத்தில் சில மெகாபைட்டுகளுக்காகக் குழாயை மறைப்பது நியாயமாகாது. சாதாரண ஆட்டோகேட் பொருள்களாக மாற்றி அனுப்பினால் போதுமே என்பர் வேறு சிலர். அவ்வாறு மாற்றினால் வடிவம் எஞ்சும். குழாயின் விவரக்குறிப்பும் இணைப்புகளும் அழியும். பெறுபவரே ஆப்ஜெக்ட் எனேப்ளரை நிறுவிக்கொள்ளட்டும் என்பது மூன்றாவது வாதம். அது இலவசமாகக் கிடைப்பதே. ஆயினும் பதிப்புக்குப் பதிப்பு அது மாற வேண்டியிருக்கிறது. நிறுவ வேண்டும் என்று அறியாதவரே மிகுதி.

ஆகவே பொறுப்பு அனுப்புபவருடையதாக வேண்டும். மூலக்கோப்பு, சாதாரணப் பொருள்களாக மாற்றிய படி, அச்சுக்குரிய பி.டி.எஃப். ஆகிய மூன்றும் ஒருங்கே தரப்பட வேண்டும். மூலக்கோப்பில் பிராக்ஸிகிராபிக்ஸ் 1 என இருத்தல் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். பெறுபவர் திரையையும் பி.டி.எஃப்.பையும் ஒப்பிட்ட பின்னரே கையொப்பமிட வேண்டும். அனுமதி வழங்கும் அலுவலகங்கள் இதை நிபந்தனையாக்கலாம். அதற்குப் புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை.

திரையில் வெற்றிடமாகத் தெரியும் இடம் தரையிலும் வெற்றிடமாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. டோம்பிவிலியில் அந்த வேறுபாட்டின் விலையைக் கொடுப்பவர் வரைந்தவரல்லர். வேலிக்கு அப்பால் குடியிருப்பவர்.