கூரை மட்டுமா குற்றவாளி?

திருச்சானூரில் கார்த்திகை பிரம்மோற்சவமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. 2021 நவம்பரில் சுவர்ணமுகி கரைபுரண்டு, திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது. அவ்வளவு வேண்டாம். பத்மாவதித் தாயாரைச் சேவித்துத் திரும்பினால், துணிக்கூரை ஜீப்பின் தரைவிரிப்பு சதசதவென்று இருக்கிறது. பழி கூரைமீதுதான் விழும். பல நேரங்களில் கூரை நிரபராதி.

மடக்குக் கூரைகளின் ஓரத்தில் மழைநீர் இறங்க வடிகால் இருக்கும். அதில் இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்பும். மெல்லிய நைலான் இழையை மெதுவாக விட்டுச் சுத்தம் செய்யலாம். ரப்பர்ப் பட்டையைச் சோதிக்க, செய்தித்தாள் துண்டை இடையில் வைத்துக் கூரையை மூடி இழுக்க வேண்டும். சுலபமாக வந்துவிட்டால் அங்கே இடைவெளி. மழையே இல்லாத நாளிலும் முன்பக்கத் தரை நனைந்தால், ஏ.சி.யின் வடிகுழாயைப் பார்ப்பது நல்லது.

கண்ணாடியில் படரும் பனி வேறு கதை. உள்பக்கம் படர்ந்தால், காரணம் பயணிகளின் மூச்சும் ஈர உடைகளும். ஏ.சி.யைப் போட்டு வெளிக்காற்றை உள்ளே விட்டால் கலையும். வெளிப்பக்கம் படர்ந்தால் கண்ணாடி அதிகம் குளிர்ந்திருக்கிறது. குளிரைக் குறைத்து வைப்பரை ஓட்ட வேண்டும். இரவுச் சாலையில் இந்த வித்தியாசம் தெரியாமல் தடுமாறினால், எதிரே வரும் லாரியும் தெரியாது.

வீடு திரும்பியதும் விரிப்பின் மேல்பக்கத்தைத் துடைத்தால் போதாது. அடியிலுள்ள பஞ்சு தண்ணீரைக் குடித்துவைத்திருக்கும். தூக்கி உலர்த்தாவிட்டால் முதலில் நாற்றம். பிறகு தரைத்தகட்டில் துரு.