கையெழுத்திட்டவர் மீது பழி வேண்டாம்

நோய்க்கு மருத்துவம் தேடுவது நம் மார்க்கம் காட்டிய வழி. ஆனால் உயிர்காக்கச் செய்த சிகிச்சையே வேறோர் ஆபத்தைக் கொண்டுவரும்போது நம் குடும்பங்கள் நிலைகுலைந்து போகின்றன.

பன்றிக் காய்ச்சல், கொரோனா போன்ற வைரஸ் தொற்றுகளால் நுரையீரல் செயலிழந்து, வென்டிலேட்டரும் போதாத நிலையில் மருத்துவர்கள் நாடும் கடைசிக் கருவிகளில் ஒன்று ‘எக்மோ’. அது இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜனை ஏற்றித் திரும்பச் செலுத்துகிறது. குழாய்களில் இரத்தம் உறைந்துவிடாதிருக்க ஹெப்பாரின் போன்ற மருந்து தேவை. உறைவதைத் தடுக்கும் அதே மருந்து இரத்தக்கசிவுக்கும் வழிதிறக்கிறது. கசிவு மூளையில் நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. நோயாளி மயக்க மருந்தில் இருப்பதால், பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி போன்ற அறிகுறிகளும் வெளியே தெரிவதில்லை.

2009இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் பன்றிக் காய்ச்சல் பரவியபோது எக்மோ பெற்ற 68 பேரைப் பற்றிய ஆய்வைக் காண்போம். அது வெளியான வேளையில் 48 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மீண்டிருந்தனர். 14 பேர் இறந்திருந்தனர். அவர்களுள் 6 பேரின் இறப்புக்குக் காரணம் மூளை இரத்தக்கசிவு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே நாம் பார்க்க வேண்டும்.

ஆகவே, கையெழுத்திடும் முன் கேட்போம்: கசிவு அபாயம் எவ்வளவு? அதை எவ்வாறு கண்காணிப்பீர்கள்? கசிவு நேர்ந்தால் அடுத்து என்ன? நோயாளிக்கு முன்பு பக்கவாதம் வந்திருந்தாலோ, ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை அவர் உட்கொண்டிருந்தாலோ மறைக்காமல் சொல்வோம். இவ்வாறு கேட்பது தவக்குலுக்கு முரணன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும் பண்பே அது.

அதற்குப் பின்னும் மரணம் நேரிடலாம். ஜனாஸா வீட்டில், “யார் ஒப்புதல் கொடுத்தது? அந்த மெஷினில் போடாமல் இருந்திருக்கலாமே” என்று பேசுவோர் உண்டு. அச்சொல் ஒரு மகனை, ஒரு மனைவியை ஆயுள் முழுதும் வதைக்கும். தகுதியுள்ள மருத்துவர் அனுமதி பெற்று, முறைப்படி சிகிச்சை அளித்திருந்தால், விளைந்த தீங்குக்கு அவர் பொறுப்பாளி அல்லர் என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் நிலைப்பாடு. அலட்சியம் நடந்திருந்தால் விசாரணை கோருவது நம் உரிமை. ஆனால் நன்மையை நாடி அனுமதி அளித்த உறவினர் மீது பழி சுமத்த எவருக்கும் உரிமை இல்லை.

‘இப்படிச் செய்திருந்தால்’ என்ற எண்ணம் ஷைத்தானுக்கு வாசல் திறக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். துக்க வீட்டில் அந்த வாசலைத் திறப்பவர்களாக நாம் இருக்க வேண்டாம்.