சத்தம் மட்டும் போதாது

பைக்குக்கு அலாரம் வாங்குபவர்களில் பலர் டப்பாவில் அச்சிட்ட டெசிபல் எண்ணைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். அது எவ்வளவு தூரத்தில் அளந்த எண் என்று கேட்பதில்லை. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 110 என்றால் 16 மீட்டரில் 86தான். வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு அதுவே போதும். அதற்கு மேல் செலவழிக்கும் பணம் சத்தத்துக்குப் போவதைவிட, தேவைப்படும்போது மட்டும் ஒலிக்கும் திறனுக்குப் போகட்டும். லாரி கடந்தாலே அலறும் அலாரத்தை நாளடைவில் தெருவே பொருட்படுத்தாது. உண்மையான திருட்டின்போதும் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் வசதியும், முதல் அசைவுக்குச் சிறு எச்சரிக்கையும், தானே அடங்கும் அமைப்பும் அவசியம்.

அலாரத்தை விட ஜிபிஎஸ் மேல் என்பார்கள். பெரும்பாலும் அது வண்டி நகர்ந்த பிறகே பயன்படுகிறது. சிம்முக்குத் தொடர்ந்து ரீசார்ஜும் செய்யவேண்டும். வயரை வெட்டினால் அலாரம் செத்துவிடுமே என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் தனி பேட்டரியில் இயங்கும் டிஸ்க் லாக் அலாரம் சிக்கனமான நல்ல தேர்வு: சக்கரத்தையும் பூட்டும், சத்தமும் போடும். டிரம் பிரேக் வண்டிக்கு அலாரம் உள்ள சங்கிலிப் பூட்டு பொருந்தும். வண்டி பேட்டரியில் இணைப்பதானால் மின்செலவைப் பாருங்கள். ஓயாமல் 20 மில்லிஆம்பியர் இழுக்கும் கருவி, ஓடாமல் நிற்கும் வண்டியின் 5 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பத்தே நாளில் காலியாக்கிவிடும்.