சத்தம் எப்போது வருகிறது?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் கார் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தைக் கடந்தாக வேண்டும். காரின் எடை 1,200 கிலோ என்று வைத்துக்கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுக்க நிறுத்துவதை 28 தடவை செய்வதற்கு ஈடான ஆற்றல் இந்த ஒரே இறக்கத்தில் கழிய வேண்டும். காற்றும் கியரில் இருக்கும் எஞ்சினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியில் பெரும்பகுதி பிரேக்கில் சூடாகத்தான் போய்ச் சேரும். ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. ஆகவே இந்தப் பக்கத்தில் கார் வைத்திருப்பவர் பெரிய டிஸ்க்கும் உசத்தியான பேடும் மாட்ட ஆசைப்படுவதை வெறும் பகட்டு என்று தள்ள முடியாது. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. மாட்டிய சில நாளில் சக்கரத்திலிருந்து ஏதோ ஒரு சத்தம் கேட்கும். பட்டறையில் கேட்டால் “புதுப் பேடு, போகப் போகச் சரியாயிடும்” என்பார்கள். அல்லது பேடைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டித் தருவார்கள். சில வேளைகளில் இரண்டுமே சரியான வைத்தியம்தான். ஆனால் அந்தச் சத்தம் எப்போது எழுகிறது என்று விசாரிக்காமல் செய்யும் வைத்தியம் குருட்டு வைத்தியம் என்பதே என் வாதம்.

பிரேக் சத்தம் போடுவது பிறவிக்குணம். ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902-இல் இங்கிலாந்தில் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். உலோகத்தோடு உலோகம் உரசிய அந்த பிரேக்கின் அலறல் பெருந்தொல்லையாக இருந்தது. பேடு டிஸ்க்கை ஒரே சீராகப் பிடிப்பதில்லை. பற்றி, வழுக்கி, மறுபடி பற்றுகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நடக்கும் இந்த அதிர்வில் டிஸ்க் வெண்கல மணி போல ஒலிக்கிறது. அதுதான் நாம் கேட்கும் கிறீச். அதிகச் சூட்டைத் தாங்கவென்று செய்த பேடுகளில் பல, சூடேறாத நிலையில் கூடுதலாகக் கிறீச்சிடும். சேலம் – நாமக்கல் நாற்கரச் சாலையில் பிரேக்கைத் தொடவே அதிகம் வேலை இல்லை. பேடு சூடேற வழியில்லை. அதே வண்டி மலை இறக்கத்தில் மூன்றாவது வளைவிலேயே அமைதியாகிவிட்டால் அது கோளாறு அல்ல. சமவெளிக்குப் பொருந்தாத பேடைத் தேர்ந்தெடுத்ததன் விளைவு.

“எப்போது” என்ற கேள்வி எவ்வளவு தூரம் அழைத்துப் போகிறது பாருங்கள். காலையில் முதல் நாலைந்து பிடிப்பில் மட்டும் உரசல் கேட்டு மறைந்தால், இரவுப் பனியில் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு, விட்டுவிடலாம். துளையோ கோடோ போட்ட டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது வேகத்துக்கு ஏற்ப முனகினால் அது அதன் இயல்பு. பிரேக்கைத் தொடாமலே சக்கரத்தின் சுற்றுக்கு ஏற்ப “டிக் டிக்” என்று தட்டினால், வீல் பேலன்ஸுக்காக உட்புறம் ஒட்டிய ஈயத்துண்டு புதிய பெரிய காலிப்பரில் இடிக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். முன்னே பின்னே நகர்த்தும்போது முதல் பிடிப்பில் ஒரே ஒரு “டொக்” வந்தால், கிளிப் விட்டுப்போய்ப் பேடு தன் இடத்தில் ஆடுகிறது, அல்லது காலிப்பர் போல்ட் தளர்ந்திருக்கிறது. இரண்டாவதாக இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துவதுதான் முறை. பேடு சில மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும்படி வைத்த தகட்டின் ஒலியும் கிறீச்தான். அதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் அடுத்து வருவது இரும்பை இரும்பு அறுக்கும் “கறகற”.

பெரும்பாலான சத்தங்கள் தீங்கற்றவைதானே, இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். தீங்கற்றவை என்பது உண்மை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. பத்தில் ஒன்பதைக் கேட்டுப் பழகிய காது, பத்தாவதையும் அதே கணக்கில் சேர்த்துவிடும். மாறாக, ஒன்றுமில்லாத சத்தத்துக்குப் பயப்படுவதும் உயிரைக் கேட்கும். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் அது கடகடவென்று அதிர்ந்து பெடலைக் காலுக்கடியில் உதைக்கும். பழைய வண்டியிலிருந்து மாறி வந்தவர் ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிட்டால், காப்பாற்ற வந்த கருவியை அவரே கைவிட்டதாகிவிடும். அந்த நொடியில் காலை இன்னும் அழுத்த வேண்டும்.

இதெல்லாம் மெக்கானிக் பார்த்துக்கொள்ள வேண்டியது என்பது இன்னொரு மறுப்பு. கழற்றி மாட்டும் கை அவருடையது, சந்தேகமில்லை. ஆனால் குளிர்ந்த வண்டியில் வரும் சத்தம், நாற்பது கிலோமீட்டர் ஓடிப் பட்டறை சேர்வதற்குள் அடங்கிவிடும். பட்டறை வாசலில் பத்தடி நகர்த்திப் பார்ப்பவருக்கு எதுவும் கேட்காது. கேட்ட காது உரிமையாளருடையது. எனவே சாட்சியும் அவர்தான். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரித் தொழிலில் ஊறியவர்களுக்கு இது புதிதல்ல. ஏர் பிரேக்கில் காற்றுக் கசியும் “ஸ்ஸ்” ஒலியைக் கேட்காமல் வண்டியை எடுப்பதை அவர்கள் பிழையென்று அறிவார்கள். தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கி, சூடேறிய டிரம் பிடிக்காமல் போன லாரிகளின் கதையும் அவர்களுக்குத் தெரியும். பிடிப்பை இழக்கும் பிரேக் கத்தித்தான் சொல்லும் என்ற உறுதி இல்லை. காரின் பின் டிரம்மைக் கழற்றி டிஸ்க் மாட்டுவதும் இப்படித்தான். முன்பின் பிடிப்பின் விகிதம் கெட்டு, நனைந்த சாலையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும்வரை சத்தமே இருக்காது.

ஆகவே பட்டறைக்குப் போகும்போது “சத்தம் வருது” என்பதோடு நிறுத்த வேண்டாம். காலையிலா, ஓடிச் சூடேறிய பிறகா. பிரேக்கை மிதித்தாலா, விட்டாலா. வளைவில் திருப்பும்போது மாறுகிறதா. எந்தச் சக்கரம் மற்றதைவிட அதிகம் கொதிக்கிறது: இவ்வளவையும் சொல்லுங்கள். முடிந்தால் மெக்கானிக்கையே பக்கத்தில் உட்காரவைத்து, சத்தம் வரும் அதே நேரத்தில், அதே சாலையில் ஒரு நடை ஓட்டிக் காட்டுங்கள்.