தூக்கணாங்குருவி வீட்டில் பெண் பார்க்கும் படலம்

"பறவை பார்க்கவா? அதற்கெல்லாம் ஏது நேரம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வாசல் தெளித்து, பால் காய்ச்சி, பிள்ளைகளைக் கிளப்புவதற்குள் மணி எட்டரை ஆகிவிடுகிறதே! சரி, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழு? டாக்டர் சொன்ன நடையும் அதிலேயே முடிந்துவிடும்.

கிருஷ்ணன்கோவில் வட்டாரத்துச் சகோதரிகள் கொடுத்து வைத்தவர்கள். மேற்கே மலை. 2021ல் புலிகள் காப்பகமான ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைக் காடு அங்கேதான். ஆனால் பறவைக்காகக் காட்டுக்குப் போகவேண்டாம்; பூங்காவோ கண்மாய்க்கரையோ போதும். செம்பருத்தியில் தேன்சிட்டு, கம்பியில் கரிச்சான், தரையில் கும்பலாகக் கத்தும் தவிட்டுக்குருவி. இது நம்ம கூட்டுக் குடும்பமேதான். ஒரு தாயின் குஞ்சுக்கு மற்றவையும் இரை கொண்டுவந்து ஊட்டும்!

மழை பெய்து புல் வளர்ந்ததும் தூக்கணாங்குருவியைப் பாருங்கள். ஆண் குருவி புல்லையும் ஓலையையும் நார் நாராகக் கிழித்துப் பாதிக் கூடு பின்னும். பெண் வந்து நுழைந்து பார்க்கும். பிடித்தால் சம்மதம், இல்லையென்றால் பறந்துவிடும். வரதட்சணைப் பேச்சே கிடையாது! சம்மதம் கிடைத்த பிறகுதான் நீளக் குழாய் வைத்துக் கூட்டை முடிக்கும். அப்புறம் அடைகாப்பது அவள் பாடு. ஐயா அடுத்த கூடு கட்டக் கிளம்பிவிடுவார். 1930ல் பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் கடற்கரையில் இதையெல்லாம் பொறுமையாகக் கவனித்து எழுதியவர் சாலிம் அலி. வேலையில்லாத அந்த நாட்களில் அவருக்குத் துணை நின்றவர் மனைவி தெஹ்மினா.

இப்போது எல்லார் கையிலும் காமிரா வைத்த போன். தாராளமாகப் படம் எடுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பளிச்சென்ற சேலை வேண்டாம். நேரே போகாமல் நின்று நின்று நடங்கள்.

ஆனால் ஒன்று: முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைத் தேடிப் போகாதீர்கள். நாம் நெருங்கினால் தாய் எழுந்து போய்விடும். வெயிலில் முட்டை கெட்டுப்போகும். காக்கை பார்த்துவிட்டால் குஞ்சு தப்பாது. படம் தெளிவாக விழ மறைக்கிற கிளையை ஒடிப்பவர்களும் உண்டு. அந்தக் கிளைதானே அதன் வீட்டுக் கதவு! பச்சைக் குழந்தை தூங்கும் அறைக்குள் அந்நியர் விளக்கைப் போட்டு நுழைந்தால் நாம் சும்மா இருப்போமா? காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் சிதைப்பது 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட.

கூடு இருந்தால் தள்ளி நின்று கண்ணால் பாருங்கள். பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து நாள், நேரம், பறவை, எண்ணிக்கை நான்கையும் எழுதச் சொல்லுங்கள். 2015லிருந்து பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். அதற்கு இது நல்ல பழக்கம். படம் சரியாக விழாவிட்டாலும், நோட்டில் எழுதியது நிற்கும்.