மலை ஏறினால் போதுமா? இறங்க வேண்டாமா?

சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணி. கடை ஷட்டரை இறக்கிய கையோடு முதலாளியும் பையன்களும் வேனில் ஏறுகிறார்கள். பின் சீட்டில் புளிசாதத் தூக்கு. முன்னால் பாட்டுச் சத்தம். "விடியறதுக்குள்ள அடிவாரம். நாளைக்கு ராத்திரி வீட்ல தூக்கம்" என்று ஒரே குஷி!

கோடை வந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் இது வாராவாரம் நடக்கிற கூத்து. போகிற இடம் கொல்லிமலை, இல்லாவிட்டால் ஏற்காடு.

போகட்டும். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வருஷம் பூரா கல்லாவிலும் ஃபைலிலும் வேகிற ஜனங்களுக்கு ஒரு நாள் குளிர்காற்று வேண்டாமா? ஆயிரம் மீட்டர் மேலே போனால் வெப்பம் ஆறு டிகிரி போலக் குறையும். ஊரில் 40 டிகிரி கொளுத்தும்போது கொல்லிமலை உச்சி சொர்க்கம்தான்.

ஆனால் ஒரு கேள்வி. டிரைவர் தூங்கினாரா?

70 வளைவு

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அரியலூர் மண்ணோ ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது. இன்றும் தோண்டினால் கிளிஞ்சல் கல்லாக வருகிறது. பெரம்பலூர் வழியாகச் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை நூல் பிடித்தாற்போல ஓடுகிறது. இந்தச் சமவெளியில் பழகிய கைக்கு மலைப்பாதை வேறு பாடம்.

ஏறுவது இன்ஜினுக்குச் சோதனை. இறங்குவது பிரேக்குக்குச் சோதனை. "டீசல் மிச்சம்" என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் காயும். கருகல் நாற்றம் அடிக்கும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது மலை டிரைவர்களின் பழைய பாடம்.

2023 செப்டம்பர் 30-ல் குன்னூர் மரப்பாலம் அருகே தென்காசிப் பக்கத்துச் சுற்றுலா பஸ் பள்ளத்தில் கவிழ்ந்து 9 பேர் பலியானார்கள். 2024 ஏப்ரல் 30-ல் ஏற்காடு மலைப்பாதையில் தனியார் பஸ் உருண்டு பல உயிர்கள் போயின. இரண்டும் மலை இறங்கும்போது நடந்தவை!

கணக்கு இடிக்கிறதே!

ஒரு நாள் டூரின் கணக்கைப் பாருங்கள். ராத்திரி பூரா துறையூர், நாமக்கல், சேந்தமங்கலம் வழியாக ஓட்டம். அரியலூர்க்காரர்கள் என்றால் பெரம்பலூர் வரவே சுமார் 30 கி.மீ. கூடுதல். விடிந்ததும் 70 வளைவு. அறப்பளீசுவரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். குளித்த பிறகு அத்தனையும் ஏற வேண்டும். பெரியவர்களுக்கு மூச்சு வாங்கி, ஆளுக்கு ஆள் உட்கார்ந்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

எல்லாரும் குளிக்கப் போன நேரத்தில் டிரைவராவது கண்ணை மூடினாரா? அதுவும் இல்லை. "அண்ணே, நீங்க மட்டும் என்ன, வாங்க" என்று அன்பாக இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இருபது மணி நேரம் விழித்த மனுஷன்தான் இருட்டில் 70 வளைவு இறங்குகிறார். பின்னால் குழந்தைகள் தூங்குகின்றன.

மோட்டார் தொழிலாளருக்கு ஒரு நாள் வேலை 8 மணி நேரம், ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று 1961-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. சட்டம் ஏட்டில். டிரைவர் ஸ்டீரிங்கில்!

இன்னொரு சங்கதி. வாடகை குறைவு என்று சொந்த உபயோக வண்டியை அமர்த்துகிறார்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தப்பு. ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அதைத்தான். மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய், கடைசியில் கோர்ட்டு வாசலில் நிறுத்திவிடும்.

செய்ய வேண்டியது என்ன?

ராத்திரி வீட்டில் தூங்கி, விடியற்காலை கிளம்புங்கள். டிரைவரும் தூங்கட்டும். பொழுது சாய்வதற்குள் மலையை விட்டு இறங்குங்கள். நேரம் போதாது என்றால் பக்கத்திலேயே பச்சைமலை இருக்கிறது. துறையூர் தாண்டி சோபனபுரம் வழியாக ஏறலாம். தூரம் குறைவு. டிரைவர் உடம்புக்கும் அலுப்பு குறைவு.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை ராத்திரி ஊர் எல்லையிலேயே டூர் வேன்களை நிறுத்திப் பாருங்கள். எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள்? என்ன போர்டு? டிரைவர் கண் சிவந்திருக்கிறதா? விபத்துக்குப் பிறகு மாலையோடு வருவதைவிட, முன்னாலேயே டார்ச் லைட்டோடு வருவது மேல்.

மலை எங்கேயும் ஓடிப்போகாது. போனவர்கள் வீடு திரும்ப வேண்டும். அதிகாரிகள் கவனிப்பார்களா?